பேசத் தயங்கும் நோயும் பேச வேண்டிய மருந்தும்

மத்திய அரசு 2011 பிப்ரவரி 10 அன்று வெளியிட்ட அறிவிக்கை ஒன்று, சிசாப்ரைட் என்ற மருந்தை இந்தியாவில் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. ஏறத்தாழ ஐந்து வாரங்கள் கழித்து, மார்ச் 16 அன்று, டெகாசெராட் என்ற மற்றொரு மருந்தும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. இவை இரண்டும் புற்றுநோய்க்கோ இதய நோய்க்கோ தரப்பட்ட மருந்துகள் அல்ல. குடலின் இயக்கத்தைத் தூண்டுபவை. முதலாவது நெஞ்செரிச்சலுக்கும் செரிமானக் கோளாறுகளுக்கும் தரப்பட்டது. இரண்டாவது, குடல் எரிச்சல் நோய்க்கும் நாள்பட்ட மலச்சிக்கலுக்கும் தரப்பட்டது. இரண்டையும் சந்தையிலிருந்து வெளியேற்றியது வயிற்றுக் கோளாறு அன்று. இதயத்துக்கு அவை விளைவிக்கக்கூடிய தீங்கு குறித்த அச்சம்.

வயிற்றுக்குச் சாப்பிடும் மாத்திரை இதயத்தைத் தாக்குமா என்று வியப்பவர்கள் நம்மில் பலர். மலச்சிக்கலை நாம் ஒரு நோயாகவே கருதுவதில்லை என்பதே அந்த வியப்பின் காரணம். அது வீட்டுக்குள் முடித்துக்கொள்ள வேண்டிய சங்கடம். அதற்கான மருந்து, மளிகைப் பட்டியலில் எழுதத்தக்க ஒரு பொருள். இந்த மனப்பான்மை எத்தனை ஆபத்தானது என்பதை அவ்விரு மருந்துகளின் வரலாறு காட்டுகிறது.

சிசாப்ரைட் அமெரிக்கச் சந்தையிலிருந்து 2000 ஜூலையில் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1999 இறுதிவரை இதயத் துடிப்புக் கோளாறு குறித்து அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 341 புகார்கள் வந்திருந்தன. அவற்றில் 80 மரணங்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த மருந்துடன் சேரக் கூடாத வேறு மருந்துகளை உட்கொண்டவர்கள், அல்லது ஏற்கெனவே இதயக் கோளாறு போன்ற ஆபத்துக் காரணிகள் உள்ளவர்கள். எரித்ரோமைசின் போன்ற சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிகூடச் சிசாப்ரைடின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். அதாவது, மருந்தும் தவறானதன்று, மருத்துவரும் தவறானவர் அல்லர் என்ற நிலையிலும், ஒரு மருத்துவர் எழுதியதை இன்னொரு மருத்துவர் அறியாமல் போனதே உயிரைப் பறித்திருக்கலாம்.

டெகாசெராடின் கதை வேறு வகையானது. 2007 மார்ச் 30 அன்று அமெரிக்காவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டதற்குக் காரணமான எண்களைப் பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். 29 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்தபோது, மருந்து உட்கொண்ட 11,614 பேரில் 13 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடும் பாதிப்புகள் ஏற்பட்டிருந்தன. வெற்று மாத்திரை உட்கொண்ட 7,031 பேரில் ஒருவருக்கு மட்டுமே ஏற்பட்டிருந்தது. நூறு பேருக்கு 0.11 என்பதும் 0.01 என்பதும் காகிதத்தில் அற்பமாகத் தெரியும். ஆனால், ஒன்று மற்றொன்றைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு.

இந்த எண்களில் ஒரு பாடம் உண்டு. ஏறக்குறைய 900 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் நிகழும் தீங்கை எந்தத் தனி மருத்துவரும் தன் அனுபவத்தில் கண்டுகொள்ள முடியாது. நூறு நோயாளிகளுக்கு அந்த மருந்தைத் தந்த மருத்துவர், அனைவரும் நலம் என்றே உண்மையாகச் சொல்வார். அறுபதைக் கடந்த ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் அதை மலச்சிக்கல் மாத்திரையோடு முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. 'எனக்கு ஒத்துக்கொண்டது, நீங்களும் சாப்பிட்டுப் பாருங்கள்' என்ற பரிந்துரை எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், பாதுகாப்பைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

அதே டெகாசெராட், 2019இல் அமெரிக்காவில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 65 வயதுக்கு உட்பட்ட, மாரடைப்போ பக்கவாதமோ வந்திராத பெண்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. பின்னர் 2022இல் வணிகக் காரணங்களால் அதன் தயாரிப்பாளரே விற்பனையை நிறுத்திக்கொண்டார். ஆக, 'நல்ல மருந்து, கெட்ட மருந்து' என்ற பிரிவினை அத்தனை எளிதன்று. யாருக்கு, எந்த அளவில், வேறு எந்த மருந்துகளோடு என்பவையே கேள்விகள். அவற்றுக்கு விடை காண்பதற்காகத்தான் மருத்துவர் சீட்டு என்ற ஏற்பாடே இருக்கிறது.

நான் வசிக்கும் கோட்டூர்புரம், இந்தச் சிக்கலைக் கவனிக்கத் தகுந்த இடம். பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளி மாநிலங்களிலும் இருக்க, ஓய்வுபெற்ற தம்பதியரும் தனித்து வாழும் முதியோரும் நிறைந்த பகுதி இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, அகில இந்திய அளவில் அது 8.6 விழுக்காடு. இன்றைக்கு இவ்விகிதங்கள் மேலும் உயர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. காலை நடையின்போது முழங்கால் வலி, சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றியெல்லாம் தயக்கமின்றிப் பேசிக்கொள்கிறோம். மலச்சிக்கல் பற்றி மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'எந்த மாத்திரை நல்லது?' என்று கேட்கிறோம். எதனால் வந்தது என்று கேட்பவர் அரிது.

என்னோடு நடக்கும் நண்பர் ஒருவருக்கு முழங்கால் வலிக்காக டிரமடால் கலந்த மாத்திரை தரப்பட்டது. அதனால் மலச்சிக்கல் வந்தது. மருந்துக் கடையில் கேட்டு மலமிளக்கி வாங்கினார். அது பேதியாக மாறியது. இரத்த அழுத்தத்துக்காக அவர் ஏற்கெனவே சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுபவர். உடலில் நீரும் உப்பும் குறைந்து, ஒரு விடியற்காலையில் குளியலறையில் மயங்கி விழுந்தார். நல்வேளையாக எலும்பு முறியவில்லை. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எண்ணி இன்னொரு மருந்தால் குணப்படுத்த முயல்வதை, மருத்துவ ஆய்வாளர்கள் 1990களிலிருந்தே ஒரு தனிச் சிக்கலாக அடையாளம் கண்டு எச்சரித்து வருகிறார்கள்.

ஆகவே, மலச்சிக்கலுக்கு மருந்து தேடும் முன் செய்ய வேண்டிய முதற்பணி, ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளைப் பட்டியலிடுவது. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அலுமினியம் கலந்த அமில முறிப்பான்கள், டிரமடால், கோடீன் போன்ற வலி, இருமல் மருந்துகள், மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், இரத்த அழுத்த மாத்திரைகளில் சில ஆகியவை மலச்சிக்கலை உண்டாக்கக்கூடியவை. இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக அவற்றை நிறுத்திவிடக் கூடாது; மருத்துவரிடம் பட்டியலைக் காட்ட வேண்டும், அவ்வளவே. தைராய்டு சுரப்புக் குறைவு, நீரிழிவு, பார்கின்சன் நோய் ஆகியவையும் பின்னணியில் இருக்கலாம்.

நாள்தோறும் மலம் கழித்தே ஆக வேண்டும் என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகக் கழிவது, முக்க வேண்டியிருப்பது, மலம் கட்டிபட்டிருப்பது, முழுமையாகக் கழியாத உணர்வு போன்ற அறிகுறிகள் மாதக்கணக்கில் நீடித்தால்தான் அதை நாள்பட்ட மலச்சிக்கல் என்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சிரமமின்றிக் கழிப்பவருக்கு மருந்தே தேவையில்லாமல் இருக்கலாம். மறுபுறம், மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தச்சோகை, 50 வயதுக்குப் பின் திடீரெனத் தொடங்கிய மலச்சிக்கல், குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், மாத்திரை விழுங்கிக்கொண்டு காலம் கடத்துவது தவறு. பரிசோதனை முதலில்; மருந்து பிறகு.

மருந்துகளிலும் ஒரு படிவரிசை உண்டு. முதற்படியில் இருப்பது இசப்கோல். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் இந்த உமி, நீரை உறிஞ்சி மலத்துக்குப் பருமனும் மென்மையும் தருகிறது. ஆனால், ஒரு முழுக் குவளைத் தண்ணீர் இல்லாமல் இதை விழுங்கினால் உணவுக்குழாயிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். பிற மருந்துகளை உடல் ஈர்ப்பதையும் தடுக்கக்கூடும் என்பதால், அவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி நல்லது. அடுத்து, குடலில் நீரைத் தேக்கிவைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால், லாக்டுலோஸ் ஆகியவை. பின்னது சிலருக்கு வயிற்று உப்புசம் தரும்.

இதே வரிசையில் வரும் மக்னீசியப் பால்மத்தைச் சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வெளியேற வழியின்றி மக்னீசியம் இரத்தத்தில் சேர்ந்துவிடும். திரவ பாரஃபினைப் படுத்த நிலையிலோ உறங்கப்போகும் தறுவாயிலோ முதியோருக்குக் கொடுத்தால், அது புரையேறி நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்து உண்டு. சோடியம் பாஸ்பேட் மலமிளக்கிகளை 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் கேடு நேரலாம், உயிரும் போகலாம் என்று 2014 ஜனவரியில் அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. இவற்றில் பலவும் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே கிடைப்பவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, குடல் தசையைத் தூண்டும் பிசகோடில், சோடியம் பிகோசல்பேட், நிலாவாரை. நிலாவாரை நமக்கு அந்நியமானதன்று. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலத்தில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியே உலகெங்கும் சென்ற அந்த இலை, இன்றும் அயல்நாட்டு மருந்தியல் நூல்களில் திருநெல்வேலியின் பெயராலேயே அறியப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் 'மூலிகைதானே' என்று நாள்தோறும் அளவின்றிச் சூரணமாக உண்பது வேறு. வயிற்றுப்போக்கு மிகுந்து பொட்டாசியம் குறையும். சிறுநீர் பெருக்கிகளோ, இதயத்துக்கான டிகாக்சினோ உட்கொள்வோருக்கு அது பேரிடர். இலையாக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும் அதிலுள்ள வேதிப்பொருள் ஒன்றே.

இவையெல்லாம் பயன் தராதபோதுதான் புருகலோபிரைட் போன்ற மருந்துகளின் முறை வருகிறது. ஐரோப்பாவில் 2009இலும், அமெரிக்காவில் 2018 டிசம்பரிலும் அனுமதி பெற்ற இது, இப்போது இந்தியாவில் பல நிறுவனப் பெயர்களில் கிடைக்கிறது. குடலில் உள்ள செரட்டோனின் ஏற்பிகளில் ஒரு வகையைத் தூண்டிக் குடலை இயங்கச் செய்கிறது. சிசாப்ரைடும் டெகாசெராடும் அதே ஏற்பியைக் குறிவைத்தவையே. ஆனால், அவை வேறு இலக்குகளையும் தொட்டன. புருகலோபிரைட் பெரும்பாலும் அந்த ஒன்றையே தொடுகிறது. முன்னவை தந்த பாடத்தின் காரணமாகவே இதன் இதயப் பாதுகாப்பு தனிக் கவனத்தோடு ஆராயப்பட்டது. பிரிட்டன், ஸ்வீடன் நாடுகளின் சுமார் 35 ஆயிரம் நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு, பாலிஎத்திலீன் கிளைக்கால் உட்கொண்டவர்களோடு ஒப்பிட்டபோது, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடியதற்கான சான்று கிடைக்கவில்லை.

நானும் மருத்துவரின் ஆலோசனையின்பேரில் இந்த மருந்தை உட்கொள்பவன். அதை எழுதும் முன் என் மருத்துவர் கேட்ட கேள்விகள் நீண்டவை. சிறுநீரகச் செயல்பாட்டுக்கான இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டார். இம்மருந்தின் பெரும்பகுதி மாற்றமின்றிச் சிறுநீர் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவர்களுக்கு வழக்கமான 2 மில்லிகிராமுக்குப் பதில் 1 மில்லிகிராம்தான் தருவார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தரவே மாட்டார்கள். குடலில் அடைப்பு, ஓட்டை, கிரோன் நோய், குடற்புண் அழற்சி ஆகியவை இருந்தனவா என்று கேட்டார். இருந்தால் இம்மருந்து கூடாது. மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்றும் கேட்டார். இதை உட்கொண்ட சிலரிடம் தற்கொலை எண்ணம் தோன்றியதாகப் பதிவுகள் இருப்பதால், மனநிலை மாற்றத்தைக் கவனிக்குமாறு மருந்துக் குறிப்பேடே எச்சரிக்கிறது. மருந்துதான் காரணம் என்று உறுதியாகவில்லை; ஆயினும் தனித்து வாழும் முதியவரின் மனநிலையைக் கவனிக்க வீட்டில் வேறு யாருமில்லை என்பதை எண்ணும்போது அந்தக் கேள்வியின் தேவை விளங்கும்.

தொடங்கிய முதல் சில நாள்களில் தலைவலி, குமட்டல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை வரலாம். பெரும்பாலும் தாமே அடங்கிவிடும். வயிற்றுப்போக்கு கடுமையானால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். உடலில் நீர் வற்றிய நிலையில் இரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடர்வது குறித்தும் அப்போதே கேட்க வேண்டும். தலைசுற்றல் வரக்கூடும் என்பதால் முதல் நாள்களில் வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. நாளுக்கு ஒரு மாத்திரை. ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாக விழுங்கக் கூடாது. அளவைக் கூட்டினால் பலன் கூடுவதில்லை. நான்கு வாரங்களில் பலன் தெரியாவிட்டால், தொடர்வதா என்று மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

எந்த மருந்தாலும் தீராத மலச்சிக்கலும் உண்டு. மலம் கழிக்கும்போது தளர வேண்டிய இடுப்புத் தசைகள் சிலருக்கு இறுகிக்கொள்கின்றன. தூண்டும் மருந்துகளை மேலும் மேலும் விழுங்குவது, பூட்டிய கதவைத் தள்ளுவது போன்றது. அவர்களுக்குத் தேவை, தசைகளைப் பழக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சை. மேற்கத்தியக் கழிப்பறைக்கு மாறிய முதியவர்கள், கால்களைச் சிறு மணையின்மீது உயர்த்தி வைத்து அமர்வதும், காலை உணவுக்குப் பின் அவசரமின்றிக் கழிப்பறைக்குச் செல்வதும் செலவில்லாத உதவிகள்.

இனி, மருந்துக் கடைக்கு வருவோம். பொருளியலாளர் கென்னத் ஆரோ, மருத்துவச் சந்தை மற்றச் சந்தைகளைப் போன்றதன்று என்று 1963இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். வாங்குபவருக்குத் தான் வாங்குவது என்னவென்று தெரியாது. விற்பவரையும் பரிந்துரைப்பவரையும் நம்பியே வாங்குகிறார். கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்குவதுபோல மாத்திரையைச் சோதித்து வாங்க முடியாது. அந்த அறியாமை இடைவெளியை நிரப்பவே மருத்துவர் சீட்டு, பதிவு பெற்ற மருந்தாளுநர், அட்டையில் சிவப்புக் கோடு என்ற ஏற்பாடுகளைச் சட்டம் செய்துள்ளது. சீட்டின்றி மாத்திரை கொடுக்கும் கடைக்காரர் நமக்குச் செய்வது சலுகை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், நமக்காக நிறுத்தப்பட்டிருந்த ஒரே காவலை அவர் விலக்கிவிடுகிறார்.

நிறுவனப் பெயர் மாறினால் மருந்தும் மாறிவிட்டதாக எண்ணி, ஒரே மருந்தை இரு பெயர்களில் சேர்த்து விழுங்கும் முதியோரும் உண்டு. அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூல மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது இதற்கு எளிய தீர்வு. மூலப் பெயர் தெரிந்தால், மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைந்த வடிவம் உண்டா என்றும் கேட்கலாம். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2021-22இல்கூட நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் கைப்பணம். மாதந்தோறும் தொடரும் மருந்தில் சேமிக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஓய்வூதியருக்குப் பெரிதே.

அரசு செய்ய வேண்டியவையும் உள. சிசாப்ரைட் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியதற்கும் இங்கு தடை செய்யப்பட்டதற்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு மேல். டெகாசெராடுக்கு நான்கு ஆண்டுகள். இந்த இடைவெளி சுருங்க வேண்டுமானால், நம் நோயாளிகளின் அனுபவம் நமக்கே தெரிய வேண்டும். அதற்காக 2010இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், பக்கவிளைவுகளைப் பொதுமக்களே தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணை வைத்திருக்கிறது. மருந்துக் கடைகளில் இந்த எண்ணைப் பெரிய தமிழ் எழுத்துகளில் எழுதி வைத்தால் என்ன? 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, வீட்டிலுள்ள எல்லா மருந்து அட்டைகளையும் பார்த்துப் பட்டியலிட்டு மருத்துவரிடம் சேர்க்கும் பணியையும் அவர்களிடம் ஒப்படைக்கலாம். செலவு சிறிது, அதனால் தவிர்க்கப்படும் விழுதல்களும் மருத்துவமனைச் சேர்க்கைகளும் பல.

தொள்ளாயிரத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கு, அந்த ஒருவரும் தொள்ளாயிரம் பேரும் வாய்திறந்து சொன்னால்தான் கணக்கில் ஏறும். மலச்சிக்கலைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று ஒதுக்கும் சமூகத்தில் அந்தக் கணக்கு ஒருபோதும் முழுமை பெறாது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது, மருந்து அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். கேட்கத் தயங்கும் அந்தக் கேள்வியை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.